அரக்கு முத்திரை வைத்த ஆமோஸ்

ஒரு மனிதனின் இடுப்பை நம்பி ஒரு கம்பெனியே நின்றது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். நம்ப வேண்டாம். இங்கிலாந்தில் ஹம்பர் ஆற்றுக் கரையில் எங்கள் ஊர் ஸ்கெல்பிக்கு வந்து, வயதான எவரிடமாவது ஆமோஸ் திர்க்கெல் என்ற பெயரைச் சொல்லிப் பாருங்கள். முதலில் வாய்விட்டுச் சிரிப்பார்கள். பிறகு அவன் பெண்டாட்டி ஹெட்டியின் நினைப்பு வந்து பேச்சை மாற்றுவார்கள்.

கம்பெனி என்று நான் சொல்வது ஹோல்டர்பி கம்பெனியை. கடற்படைக்கு விமானம் செய்தவர்கள். அதற்கு முன் கிழவர் ஹோல்டர்பி செய்துகொண்டிருந்தது குளியல் வண்டி. கடலில் குளிக்க வரும் சீமாட்டிகளை யார் கண்ணிலும் படாமல் தண்ணீர் வரை கொண்டுபோய் விடும், சக்கரம் வைத்த மரப்பெட்டி அது. முதல் உலகப்போர் வந்தது, குளிக்க ஆளில்லாமல் போயிற்று. மரம் கிடங்கில் கிடக்கிறது, தச்சர்கள் வெட்டியாக உட்கார்ந்திருக்கிறார்கள். "சக்கரமும் தெரியும், தண்ணியும் தெரியும். நடுவுல றெக்கை மட்டும்தானடா புதுசு" என்றாராம் கிழவர். அவர் செய்த முதல் கடல் விமானத்தின் பக்கவாட்டில் திரைச்சீலை போட்ட சின்ன சன்னல் ஒன்று இருந்தது. இது எதற்கு என்று கடற்படை கேட்டதற்குப் பழக்க தோஷம் என்று பதில் போனது. அந்த விமானம் ஹம்பர் சேற்றில் இறங்கி, கடல் தண்ணீர் மறுபடி ஏறி வரும் வரை எழுந்திருக்க மறுத்தது. ஆனால் உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை. கடற்படை அதை மெச்சி இன்னும் கொஞ்சம் கேட்டது. இப்படித்தான் பிழைப்பு ஆரம்பித்தது.

விமானங்களுக்குக் கிழவர் தான் விரும்பிச் சாப்பிடும் மீன்களின் பெயரையே வைத்தார். விமானிகளுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. "மீன் பேர வெச்சா அது எங்க போவும்? தண்ணிக்குள்ளதான் போவும்" என்று வெளிப்படையாகவே முனகினார்கள். கடற்படை பெயரைப் பற்றிக் கவலைப்படவில்லை. அதற்கு ஒரே விமானம் எல்லா வேலையும் செய்ய வேண்டும். கப்பல் தளத்திலிருந்து கிளம்ப வேண்டும், தண்ணீரில் இறங்க வேண்டும், வயிற்றுக்கடியில் டார்பிடோ குண்டு சுமக்க வேண்டும், எதிரியைத் தேட வேண்டும், எல்லாம் முடிந்து இறக்கையை மடக்கிக்கொண்டு கப்பலின் லிஃப்டுக்குள் அடங்க வேண்டும். மருமகள் தேடும் மாமியார்கூட இத்தனை கேட்க மாட்டாள்.

நான் அங்கே வரைபட அறையில் இருந்தேன். பெயர் ஐவி. பொறியாளர்கள் பென்சிலில் கிறுக்கித் தள்ளுவதை மெழுகுத்துணியில் மையால் நகலெடுப்பது எங்கள் வேலை. ஆமோஸ் துணிக் கொட்டகையில் இருந்தான். இறக்கைச் சட்டத்தின் மேல் துணியை இழுத்துக் கட்டி, விறைப்பாக வார்னிஷ் பூசும் ஆள். அமைதியானவன். அவன் பக்கத்தில் போனால் பேரிக்காய் மிட்டாய் வாசனை வரும், அந்த வார்னிஷின் வாசனை அப்படி.

ஒருநாள் தலைமை வரைவாளர் கிரிம்ஷா, மரத்தில் செய்த ஒரு மாதிரி விமானத்தின் பின்சீட்டைப் பார்த்தபடி தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பின்சீட்டில் உட்காருபவர் அப்சர்வர். வரைபடம் பார்த்து, வெறுங்கடலில் தன் கப்பலை மறுபடி கண்டுபிடித்துத் தருவது அவர் பொறுப்பு. அவருக்கு எவ்வளவு இடம் விடுவது? கடற்படையை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் கேட்பது கிரிம்ஷாவுக்குக் கௌரவக் குறைவு. அந்த நேரம் பார்த்து ஆமோஸ் வார்னிஷ் வாளியுடன் அந்தப் பக்கம் வந்தான்.

"ஏய், இதுல ஏறி உக்காரு."

"வாளியோடயா சார்?"

"வாளிய வெச்சுட்டுடா!"

உட்கார்ந்தான். கச்சிதம். கிரிம்ஷா "அசையாதே!" என்று கத்தி, சுற்றிலும் கோடு போடச் சொன்னார். அன்றிலிருந்து ஹோல்டர்பி கம்பெனியின் ஒவ்வொரு பின்சீட்டும் ஆமோஸின் உடம்புக்கு அளவெடுத்ததுதான். எங்கள் அறையில் அங்குலக் கணக்கே மறந்துபோயிற்று. "இந்த இடம் எவ்வளவு?" என்றால் "முக்கால் ஆமோஸ்" என்போம். எரிபொருள் தொட்டி ஒன்றேகால் ஆமோஸ். இதில் யாருக்கும் எந்த விநோதமும் தெரியவில்லை.

ஆமோஸுக்குப் பெருமைதான், ஏன் இருக்காது? தொல்லை என்னவென்றால், அவனுக்கு ஹெட்டி பிரம்பியைக் கல்யாணம் செய்ய ஆசை. தொழிற்சாலை வாசலுக்கு எதிரே பை கடை வைத்திருந்த விதவை ஹெட்டி. மாவு மூடிய இறைச்சிப் பை அவள் சுட்டால், காற்று எங்கள் பக்கம் அடிக்கும் நாட்களில் ஒருவருக்கும் வேலை ஓடாது. நான் அவள் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தேன். அவளுக்கு வாய் நீளம், மனசு அதைவிடப் பெரிசு. பசியோடு வந்தவனிடம் கோபிப்பாளே தவிர, பசியோடு அனுப்ப மாட்டாள். அவளுக்கும் ஆமோஸைப் பிடித்திருந்தது.

கிரிம்ஷாவுக்கு விஷயம் தெரிந்ததும் முகம் வெளுத்துப்போயிற்று. பை கடைக்காரியைக் கட்டினால் எவன் இடுப்பு நிற்கும்? "கல்யாணம் பண்ணிக்கய்யா, யாரு வேணாம்னா? இந்த விமானம் முடியட்டும்" என்றார். அந்த விமானம் முடிந்தது. அடுத்தது வந்தது. அதுவும் முடியட்டும் என்றார். ஒற்றை இன்ஜின் போய் இரட்டை வந்தது, மரச்சட்டம் போய் உலோகம் வந்தது, கிழவர் போய் மகன் பெர்சிவல் முதலாளியானார். கம்பெனியின் சரித்திரம் மொத்தமும் ஆமோஸின் கல்யாணம் தள்ளிப்போன கதைதான். தொழிற்சாலையே அவன் வாயைக் காவல் காத்தது. கேன்டீனில் உருளைக்கிழங்கு பாதிதான் விழும். அவன் பை கடைப் பக்கம் சாலையைத் தாண்டினால் வாட்ச்மேன் விசில் ஊதுவான்.

கடைசியில் ஹெட்டி பொறுமை இழந்தாள். முப்பதுகளின் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை, கடையில் ஆள் நிறைந்திருக்கும்போதே அவனிடம் கேட்டாள்.

"ஆமோஸ், உனக்கு நான் வேணுமா, அந்தப் பொட்டி வேணுமா?"

"ஹெட்டி, திங்கக்கிழம நேவிக்காரங்க வர்றாங்க. புது விமானத்தோட மர மாதிரியப் பாக்க. அது மட்டும் முடிஞ்சுட்டா..."

"ஞாயித்துக்கிழம மத்தியானம் என் மேசைக்கு வந்து ஆம்பளையா உக்காந்து சாப்பிடு. வரலைன்னா மெட்காஃபுக்குச் சரின்னு சொல்லிடுவேன். பன்னிக்கறிக் கடை வெச்சிருக்கான், நல்லாத் திங்கவும் திம்பான்."

"திங்கக்கிழம..."

"ஞாயித்துக்கிழம!"

கடையில் நின்றவர்கள் பையைக் கடிக்காமல் நின்றார்கள். ஆமோஸின் கழுத்து சிவந்துபோயிற்று. தொப்பியை எடுத்துக்கொண்டு போனான்.

வந்தான். சட்டைக் காலர் கஞ்சி போட்டு விறைத்திருந்தது. எங்கள் பக்கத்து ஞாயிறு சாப்பாட்டில் முதலில் வருவது புட்டிங்தான். மாவையும் முட்டையையும் பாலையும் அடித்து, கொதிக்கும் கொழுப்பில் ஊற்றி, அடுப்பில் உப்ப வைத்து, மேலே இறைச்சிக் குழம்பை விட்டுக் கொடுப்பது. புட்டிங் அதிகம் தின்றவனுக்குத்தான் இறைச்சி அதிகம் என்பது வீட்டுச் சட்டம். அதற்குள் வயிறு நிறைந்து இறைச்சி மிஞ்சும் என்பது வீட்டுக்காரியின் கணக்கு. ஆமோஸ் முதல் புட்டிங்கைச் சாப்பிட்டான். ஹெட்டி இன்னொன்று வைத்தாள். அதையும் சாப்பிட்டான். அவள் முகத்தைப் பார்த்தான், தட்டை நீட்டினான். பேசாத மனிதன் தன் காதலைச் சொல்லிக்கொண்டிருந்தான், ஒவ்வொரு வாயாக. பிறகு இறைச்சி, பிறகு ஆப்பிள் பை, அதன் மேல் கஸ்டர்டு.

"போதுமா ஹெட்டி?" என்றான் கடைசியில், மூச்சு வாங்க.

"போதும்யா, ராசா" என்றாள். அவள் கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை வந்தது. கடற்படையிலிருந்து ஒரு கமாண்டரும் கூட ஒரு குமாஸ்தாவும் வந்தார்கள். கமாண்டர் நல்ல சதைப்பிடிப்பானவர். வழக்கப்படி ஆமோஸ் மர மாதிரிக்குள் முன்பே உட்கார்ந்திருந்தான். எப்படி உள்ளே போனான் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் தள்ளியவர்களில் நானும் ஒருத்தி. கிரிம்ஷா அவனருகே குனிந்து பல்லைக் கடித்தபடி பேசினார். வரைபடங்களைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்திலேயே நின்றேன்.

"என்னய்யா மூஞ்சி நீலமா இருக்கு?"

"மாட்டிக்கிட்டேன் சார்."

"எது மாட்டிச்சு?"

"நான்தான் சார். மொத்தமா."

"நேத்து என்ன தின்ன?"

"புட்டிங் சார்."

"அப்புறம்?"

"அப்புறமும் புட்டிங்தான் சார்."

அதற்குள் கமாண்டர் வந்துவிட்டார். சுற்றிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். "சரி, இவரை இறங்கச் சொல்லுங்க. ஆபத்துன்னா எப்படி வெளிய வர்றாருன்னு பாக்கணும்" என்றார். முதலாளி பெர்சிவல் கண்ணை மூடிக்கொண்டார். கிரிம்ஷாவின் மூளை அன்று வேலை செய்ததுபோல் வரைபடங்களில் என்றுமே வேலை செய்ததில்லை.

"ஐயா, எங்க அப்சர்வர் தன் இடத்த விட்டு எந்திரிக்க மாட்டான்."

"விமானம் முழுகினாலுமா?"

"முழுகினாலும்."

கமாண்டர் தொப்பியைக் கழற்றினார். ஆமோஸால் மூச்சுதான் விட முடியவில்லை, ஆனால் பார்ப்பவருக்கு அது உணர்ச்சிவசப்பட்ட கம்பீரமாகத் தெரிந்தது. கமாண்டர் அவன் வயிற்றுக்கும் பலகைக்கும் நடுவே விரலை நுழைக்கப் பார்த்தார். நகம்கூடப் போகவில்லை.

"நான் சின்ன வயசுல அப்சர்வரா இருந்தேன். என்னை மிதிச்சுத்தான் உள்ள தள்ளுவாங்க. எல்லாக் கம்பெனிக்காரனும் எலும்புக்கூட்ட உக்கார வெச்சு அளவெடுக்கறான். சாப்பிட்ட மனுசன உக்கார வெச்ச மொதல் கம்பெனி இதுதான்! இந்த ஆளுதான் அளவு. இவரு மேல குளிர் உடுப்பும் ஏறணும், அந்த அளவுக்கு அகலப்படுத்துங்க. முத்திரையக் கொண்டா!"

கடற்படையில் ஒரு வழக்கம் உண்டு. பூட்ஸோ குவளையோ, எதை ஏற்றுக்கொண்டாலும் ஒன்றை எடுத்து, அட்டை கட்டி, அரக்கு முத்திரை வைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு செய்வதெல்லாம் அந்த மாதிரிக்கு ஒத்துப்போக வேண்டும். முத்திரை வைத்ததில் அரசரே கைவைக்க முடியாது என்பார்கள். குமாஸ்தா பெட்டியைத் திறந்தார், மெழுகுவத்தி ஏற்றினார், சிவப்பு அரக்கை உருக்கினார். ஆமோஸின் கோட்டுப் பொத்தானில் அட்டையைக் கட்டி, நங்கூர முத்திரையை அழுத்தினார். அரக்கு ஒரு சொட்டு அவன் கையில் விழுந்தது. கத்தக்கூட அவனுக்கு இடமில்லை.

அவர்களை ரயிலேற்றிய பிறகுதான், ஆமோஸை வெளியே எடுக்கத் தச்சர்கள் ரம்பத்தை எடுத்தார்கள்.

நிலைமை தலைகீழானது. இப்போது ஆமோஸ் இளைக்கக் கூடாது! கம்பெனியே முன்னின்று கல்யாணத்தை நடத்தியது. வாழ்த்திப் பேசிய முதலாளி, "மிஸஸ் திர்க்கெல், இனிமே இவர இதே அளவுல வெச்சுக்கறது உங்க கையிலதான் இருக்கு. நாட்டோட பாதுகாப்பு" என்றார்.

"இவன் எம் புருசனா, இல்ல உங்க அளவுகோலா?" என்றாள் ஹெட்டி.

"ரெண்டும்தான்மா" என்றார் அவர், சிரிக்காமல்.

சனிக்கிழமைதோறும் ஆமோஸ் அந்த முத்திரைக் கோட்டை மாட்டிக்கொண்டு போக, கிரிம்ஷா அவன் இடுப்பில் நாடாவைப் போட்டுப் பார்ப்பார். சரியாக இருந்தால் ஹெட்டிக்கு நன்றி சொல்லி அனுப்புவார். ஹெட்டி அதற்கு அனுப்பிய பதில்களை நான் இங்கே எழுத முடியாது. ஆனாலும் அவர்கள் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். ஆமோஸ் அப்போதுதான் பேசவே கற்றுக்கொண்டான். மாடியிலிருக்கும் எனக்கு அவர்கள் சிரிப்பு கேட்கும்.

பிறகு போர் மறுபடி வந்தது, ரேஷனும் வந்தது. இறைச்சி, வெண்ணெய், சர்க்கரை எல்லாம் கைக்குள் அடங்கும் அளவுதான். ஊரில் எல்லார் இடுப்பும் உள்ளே போயிற்று. ஆமோஸின் இடுப்புக்கு அந்த உரிமை இல்லை. புது விமானம் ஒன்று மேசையில் இருந்தது, மாதிரி மாறக் கூடாது. இவனுக்குக் கூடுதல் ரேஷன் வேண்டுமென்று கிரிம்ஷா கேட்டுப் பார்த்தார். சுரங்கத் தொழிலாளிக்கு உண்டு, கர்ப்பிணிக்கு உண்டு, அளவுமாதிரிக்கு இல்லை என்றார்கள். கடற்படையின் சாமான் பிரிவைக் கேட்டார். முத்திரை வைத்த மாதிரிகளை எண்ணெய் பூசி, ஈரம் படாத அலமாரியில் வைக்கவும் என்று பதில் வந்தது.

அந்தக் குளிர்காலம் முழுக்க ஆமோஸின் இடுப்பு ஒரு நூல்கூடக் குறையவில்லை. கிரிம்ஷா அதை ஒரு அதிசயம் என்றார். அதிசயமாம்! வீட்டுக்குள் இருந்த எனக்கல்லவா தெரியும். தன் பங்கு பன்றிக்கறியை, தன் பங்கு வெண்ணெயை, ஹெட்டி அவன் தட்டில் தள்ளிவிடுவாள். அவன் கேட்டால், "எனக்குப் பசிக்கல, கடையிலயே சாப்பிட்டேன்" என்பாள். கடையில் அவள் ஒரு துணுக்கு தொட மாட்டாள். அது வாடிக்கைக்காரர்களின் ரேஷன், சாமி சத்தியம் மாதிரி அவளுக்கு. பாவாடை இடுப்பை உள்ளே பிடித்துத் தைத்துக்கொண்டே இருந்தாள்.

"அவன்கிட்டச் சொன்னே, ஐவி, உன் சாமானத் தூக்கித் தெருவுல வீசிடுவேன்" என்றாள் என்னிடம்.

"நீங்க விழுந்துட்டா என்னக்கா செய்யிறது?"

"விழ மாட்டேன். அவன் தட்டுல கொறஞ்சா அவனுக்கு வேல போயிடும்டீ. அவன் வாழ்க்கையில அவன ஒரு ஆளா மதிச்சது அந்தக் கம்பெனி மட்டும்தான்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. நீ மதிக்கவில்லையா அக்கா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை, கடையில் வரிசை நின்றிருக்க, ஹெட்டி பை எடுக்கக் குனிந்தவள் நிமிரவில்லை. ஓடிப்போய்த் தூக்கினேன். கனமே இல்லை. அளவெடுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஆமோஸும் ஓடிவந்தான். வந்த டாக்டர் கண் இமையை விரித்துப் பார்த்துவிட்டு, "இவங்க கடைசியா வயிறு நிறையச் சாப்பிட்டது எப்ப?" என்று ஆமோஸைக் கேட்டார். ஆமோஸ் என்னைப் பார்த்தான். நான் சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும்.

அவன் நேரே தொழிற்சாலைக்கு நடந்தான். எனக்குப் பயமாக இருந்தது, பின்னாலேயே போனேன். மர மாதிரியின் பக்கத்தில் கிரிம்ஷா நாடாவோடு நின்றிருந்தார்.

"இன்னிக்கு அளவெடுக்க வேண்டாம் சார். இனிமேலும் வேண்டாம்."

"என்னய்யா பேச்சு இது? போர் நடக்குது. மாதிரி இல்லாம ஒரு பலகை அறுக்க முடியாது, தெரியுமில்ல?"

"நான் மாதிரி இல்ல சார். நான் ஹெட்டியோட புருசன்."

"முத்திரைய உடைக்க உனக்கு அதிகாரம் கெடையாது!"

ஆமோஸ் குனிந்து தன் மார்பைப் பார்த்தான். "முத்திரை எங்க சார் இருக்கு?"

"உன் கோட்டுல."

"அப்பக் கோட்ட வெச்சுக்குங்க."

பொத்தானைக் கழற்றி, கோட்டை உருவி, பின்சீட்டில் உட்கார வைப்பதுபோல வைத்துவிட்டு நடந்தான். கிரிம்ஷா அவனைப் பார்க்கவில்லை, கோட்டைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். முத்திரை முழுசாக இருந்தது. சட்டப்படி ஒரு குறையும் இல்லை. மத்தியானத்துக்குள் துணிக் கொட்டகைப் பெண்கள் அதற்குள் பஞ்சை அடைத்துத் தைத்துவிட்டார்கள். அந்தப் போரில் ஹோல்டர்பி கம்பெனி கடற்படைக்குக் கொடுத்த மீதி விமானங்கள் அத்தனையும் அந்தக் கோட்டின் அளவுதான். அது சாப்பாடு கேட்கவில்லை, இளைக்கவில்லை, யாரையும் கட்டிக்கொள்ள ஆசைப்படவில்லை. போருக்குப் பின் ஒரு பெரிய கம்பெனி எங்களை வாங்கியபோது கோட்டையும் சேர்த்து வாங்கியது. வந்தவர்கள் அதை வேலையிலிருந்து நீக்கப் பார்த்தார்கள். கடற்படை அனுமதி கொடுக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமையே ஆமோஸ் மறுபடி வார்னிஷ் வாளியைத் தூக்கினான். ஆனால் கோட்டைக் கழற்றிய அந்தச் சனிக்கிழமை அவன் வெறும் சட்டையோடு, ஹம்பர் காற்றில், கடைத்தெரு முழுக்க நடந்து வீட்டுக்கு வந்தான். வரிசையில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். அடுப்படிக்குப் போய், இருந்த ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, பாலைக் காய்ச்சி ஊற்றி, வீட்டிலிருந்த சர்க்கரையைக் கடைசிவரை வழித்துப் போட்டான். அவன் அடுப்பைப் பற்றவைத்து நான் பார்த்ததே இல்லை. பால் பொங்கி வழிந்தது, துடைக்கவில்லை.

கட்டிலில் அவளைத் தலையணையில் சாய்த்து உட்கார வைத்து, ஸ்பூனை நீட்டினான். அவள் ஒரு வாய் வாங்கினாள். அவன் உடம்பைப் பார்த்தாள்.

"கோட்டு எங்க?"

"வேலைக்குப் போயிருக்கு."

அவள் கிண்ணத்தை அவன் பக்கம் தள்ளினாள். "நீ பாதி சாப்பிடு. காலையிலேருந்து நீயும் ஒண்ணும் சாப்பிடல."

"எனக்குப் பசிக்கல ஹெட்டி" என்றான் ஆமோஸ். "கேன்டீன்லயே சாப்பிட்டுட்டேன்."

சனிக்கிழமை கேன்டீன் கிடையாது. அது மூன்று பேருக்கும் தெரியும். ஹெட்டியின் வாய் கோணிற்று. சிரிக்கப்போகிறாள் என்று நினைத்தேன், அழுதாள். சத்தம் போட்டு, சின்னப் பிள்ளை மாதிரி.

"பாவி, அது எம் பொய்யிடா" என்றாள்.

"தெரியும்" என்று அவன் அடுத்த ஸ்பூனை நீட்டினான். "வாயத் தெற."